பத்து இருபதுக்குப் போட்ட சுவிட்ச்

இதை எழுத வேண்டும் என்று பேனாவை எடுப்பதும் மூடி வைப்பதுமாக எனக்கு ஐந்து வருசம் போய்விட்டது. ஒரு தடவை பாதிப் பக்கம் எழுதி, கிழித்து அடுப்பில் போட்டேன். ஒரு தடவை எழுதாமலே பெருமாள் படத்துக்கு முன்னால் நின்று வாயால் சொல்லிப் பார்த்தேன். சாமியிடம் சொல்வது சுலபம். அவர் திருப்பிக் கேள்வி கேட்பதில்லை. மனுசருக்குச் சொல்வதுதான் எனக்கு வரவில்லை. நான் பத்தாவதும் ஐ.டி.ஐ.யும் படித்தவன், கட்டுரை எழுதத் தெரியாது, அதனால்தான் எழுதவில்லை என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டிருந்தேன். அது பொய். பயத்தால்தான் எழுதவில்லை.

என் பெயர் கலியபெருமாள். குன்னத்துக்குப் பக்கத்தில் சொந்த ஊர். மின்சார வண்டிகளுக்கு பேட்டரி செய்கிற ஒரு சின்னக் கம்பெனியில் வேலை பார்த்து, போன தை மாசம் ஓய்வு பெற்றேன். கம்பெனி பெயர் வேண்டாம். பெரம்பலூரிலிருந்து அரியலூர் போகிற வழியில் தகரக் கூரை போட்ட ஒரு ஷெட், அவ்வளவுதான். கடைசி நாள் மாலை போட்டு, பாத்திரம் ஒன்று பரிசு கொடுத்தார்கள். அப்போது பிரபு என்கிற இஞ்சினியர் பையன் சொன்னான்:

"அண்ணே, நாம மறுபடியும் சொந்தமா பேட்டரி டெவலப் பண்ணப் போறோம். பழசெல்லாம் உங்களுக்குத்தான் தெரியும். நாலு பக்கம் எழுதிக் குடுங்க. பழைய டெஸ்ட் நோட்டெல்லாம் பீரோவுலேருந்து எடுத்து வச்சிட்டோம். அதுல இருக்கற நம்பர வச்சுத்தான் ஆரம்பிக்கப் போறோம்."

டெஸ்ட் நோட்டு என்றதும் கையிலிருந்த லட்டைத் தட்டிலேயே வைத்துவிட்டேன். அந்த நோட்டில் ஒரு பக்கம் பொய். எழுதியவன் நான்.

முதலில் இருந்து சொல்கிறேன். இருபத்திரண்டு வருசம் அரியலூரில் லாரி பேட்டரிக் கடையில் இருந்தேன். சுண்ணாம்புக்கல் ஏற்றுகிற லாரிகளுக்கு ஆசிட் மாற்றுவது, தண்ணீர் ஊற்றுவது, சார்ஜ் போடுவது. சட்டையெல்லாம் ஆசிட் பட்ட ஓட்டை. அந்தக் காலத்தைப் பற்றிச் சொல்ல வேறு பெரிதாக ஒன்றுமில்லை. கடை மூடியதும் இந்தக் கம்பெனியில் ஆள் எடுக்கிறார்கள் என்று வந்தேன்.

அங்கே எங்களுக்கு மேலே இருந்தவர் ஜெயந்தி மேடம். உடையார்பாளையம் பக்கம் விவசாயக் குடும்பம். சென்னையில் பெரிய இடத்தில் வேலை பார்த்துவிட்டு, நம்ம ஊர் வெயிலுக்கும் நம்ம ஊர் ரோட்டுக்கும் தாங்குகிற பேட்டரியை இங்கேயே உருவாக்க வேண்டும் என்று வந்தவர். வெளியூர் பேட்டரிகள் சித்திரை, வைகாசியில் இங்கே படுத்துவிடும். வெங்காயமும் மக்காச்சோளமும் ஏற்றுகிற லோடு ஆட்டோவுக்கு அவை ஆகாது. அதுதான் அவருடைய வைராக்கியம்.

அவர் சத்தம் போட்டு நான் கேட்டதில்லை. குரல் தாழ்ந்துதான் இருக்கும். "சுமாரா நாப்பது டிகிரி மேடம்" என்றால் எழுதுகிற பேனாவைக் கீழே வைத்துவிடுவார். "சுமாரான்னா எத்தனை அண்ணே?" என்பார். நாம் திரும்பப் போய் பார்த்து வந்து சொல்கிற வரை பேனா கீழேயே கிடக்கும். யாராவது ஒன்றைக் கீழே போட்டாலும், தப்பாக ஒட்டினாலும், ஏன் செய்தாய் என்று கேட்க மாட்டார். "எழுதிட்டீங்களா?" அதுதான் முதல் கேள்வி.

சேர்ந்த முதல் வாரம் ஒரு நம்பரைத் தப்பாக எழுதிவிட்டு, ஒன்றை ஏழாக்கினேன். பேனாவால் கொஞ்சம் அழுத்தினேன், அவ்வளவுதான். மேடம் நோட்டைத் தூக்கி வெளிச்சத்தில் பார்த்தார்.

"அண்ணே, தப்பா எழுதறது குத்தமில்ல. மறைக்கக் கூடாது. தப்பு மேல ஒரே ஒரு கோடு போடுங்க. அடியில இருக்கறது படிக்கிற மாதிரி இருக்கணும். பக்கத்துல சரியானத எழுதுங்க. கையெழுத்துப் போடுங்க. இந்த நோட்டப் பாத்துதான் நாளைக்கு ஒருத்தன் அந்தப் பேட்டரி மேல உக்காந்து வண்டி ஓட்டப் போறான்."

இதைப் படிக்கிற இளையவர்கள் அந்தக் கடைசி வாக்கியத்தை மனசில் வையுங்கள். நான் வைக்கவில்லை.

பேட்டரி என்று வெளியே தெரிவது ஒரு பெட்டி. உள்ளே கட்டைவிரலைவிடக் கொஞ்சம் பெரிதாக நூற்றுக்கணக்கில் செல் இருக்கும். ஒவ்வொன்றையும் அளந்து, ஒரே மாதிரி இருப்பதை ஒன்றாகச் சேர்த்து, தகடு வைத்துப் பற்றவைத்து, நடுவில் காகிதம் கொடுத்துக் கட்டுவோம். அந்தக் கட்டுக்கு பேக் என்று பெயர். பேக் தயாரானதும் சோதனை. முழுசாக சார்ஜ் ஏற்றி, வண்டி மேடு ஏறுவதைப் போலக் கடுமையாகக் கரண்டை இழுத்து, சார்ஜ் முழுவதையும் இறக்க வேண்டும். அப்போது பேக் நன்றாகச் சூடாகும். சூடு இறங்க இரண்டு மணி நேரம் சும்மா விட வேண்டும். அதற்கு ரெஸ்ட் என்போம். அப்புறம்தான் மறுபடி வேகமாக சார்ஜ் ஏற்ற வேண்டும். கால் மணிக்கு ஒரு தடவை நாலு ஓரத்திலும் சூடு பார்த்து நோட்டில் எழுத வேண்டும்.

ரெஸ்ட் எதற்கு என்று மேடம் சொன்ன விதம் எனக்கு மறக்காது. "உலையிலேருந்து எறக்கின சோத்துப் பானை மாதிரிண்ணே. ஓரம் ஆறிப்போயிருக்கும். நடுவுல கைய வச்சா கொப்புளம்தான். நம்ம மீட்டரு ஓரத்தத்தான் காட்டும்." இரண்டு மணி நேரம் என்றால் இரண்டு மணி நேரம். குறையவும் கூடாது, கூடவும் கூடாது. எல்லா பேக்கும் ஒரே மாதிரி சோதித்தால்தான் ஒன்றோடு ஒன்றை ஒப்பிட முடியும் என்பார்.

இங்கேதான் என் பழக்கம் குறுக்கே வந்தது. நான் ராகு காலத்தில் எதையும் தொடங்க மாட்டேன். கல்யாணமான நாளிலிருந்து, அதற்கு முன்னாலிருந்தே அப்படி. ரெஸ்ட் முடிகிற நேரம் சில நாள் சரியாக ராகு காலத்தில் வந்து விழும். தள்ளிப்போட்டால் மேடம் ஒப்புக்கொள்ள மாட்டார். அதனால் நம்ம பக்கத்தில் எல்லாரும் செய்கிறதைச் செய்தேன். நல்ல நேரம் முடிவதற்குள் சார்ஜர் சுவிட்சை ஒரு நிமிசம் போட்டு, பெருமாளே என்று சொல்லி, அணைத்துவிடுவேன். வேலை நல்ல நேரத்தில் தொடங்கியாகிவிட்டது. ரெஸ்ட் முடிந்ததும் போடுவது தொடர்ச்சிதானே, தொடக்கம் இல்லையே.

மேடம் இதை ஒரு நாள் பார்த்துவிட்டார். திட்டப் போகிறார் என்று நின்றேன். அவர் யோசித்தார். "ஒரு நிமிசத்துல ஒண்ணும் ஆகாது. உங்க நம்பிக்கைய நான் ஒண்ணும் சொல்லல. ஆனா அதையும் நோட்டுல எழுதிடுங்கண்ணே. பத்தே காலுக்கு ஒரு நிமிசம் ஆன், அப்புறம் ஆஃப்னு." சரி என்றேன். எழுதவில்லை. நோட்டைப் பெரிய பெரிய படிப்பு படித்தவர்கள் வந்து பார்ப்பார்கள். ராகு காலத்துக்காக சுவிட்ச் போட்ட கதையைப் பார்த்துச் சிரிப்பார்கள் என்று வெட்கம்.

சிரிப்பதற்கு ஏற்கெனவே ஒருத்தர் இருந்தார். செல்வராசு. பூலாம்பாடிக்காரர். புது பேக்கை லோடு ஆட்டோவில் மாட்டி ரோட்டில் ஓட்டிப் பார்க்கிற சோதனை டிரைவர். எனக்குப் பத்து வயசு சின்னவர். எனக்கு அவர் வைத்த பெயர் பஞ்சாங்கம்.

"பஞ்சாங்கம் அண்ணே, பேட்டரிக்கு ஜாதகம் பாத்துட்டீங்களா? எனக்கும் அதுக்கும் பொருத்தம் எப்புடி?"

"எட்டுப் பொருத்தம் இருக்கு, ஏறி உக்காருய்யா."

"ரச்சுப் பொருத்தம் இருக்கா பாருங்க. என் பொண்டாட்டி தாலிய நம்பி ஏர்றேன்."

அப்போது அது வெறும் தமாசு. எல்லாரும் சிரித்தோம். எட்டாம் நம்பர் பேக்கை மாட்டிக்கொண்டு மக்காச்சோள மூட்டையோடு பெரம்பலூரிலிருந்து குன்னம் வரை போய், அதே சார்ஜில் திரும்பி வந்தார் அவர். வழியில் போன் பண்ணி, "அண்ணே, பங்க்காரன் என்னயப் பாத்து மொறைக்கிறான், டீசல் போடாமப் போறான் பாருன்னு" என்று கத்தினார். மேடம் அன்றைக்கு எல்லாருக்கும் போண்டா வாங்கிக் கொடுத்தார். அவர் அப்படிச் சிரித்து நான் பார்த்தது அந்த ஒரு நாள்தான்.

பதினாலாம் நம்பர் பேக்குக்கு வருகிறேன். இதற்கு மேல் எழுதத்தான் இத்தனை வருசம் ஆயிற்று.

சித்திரை மாசத்து வெள்ளிக்கிழமை. தகரக் கூரை காலையிலேயே காய்ந்தது. பேக்கின் சார்ஜை இழுத்து இறக்கி முடிக்கையில் மணி ஒன்பது ஐம்பத்தைந்து. ரெஸ்ட் பதினொன்று ஐம்பத்தைந்து வரை. வெள்ளிக்கிழமை ராகு காலம் பத்தரையிலிருந்து பன்னிரண்டு. அதனால் வழக்கம்போல பத்து இருபதுக்கு சார்ஜர் சுவிட்சைப் போட்டேன். பெருமாளே என்றேன். அந்த நேரம் பார்த்து வாசலில் லாரி ஹாரன் அடித்தது. புது செல் வந்திருந்தது. செல் பெட்டியை வெயிலில் வைக்கக் கூடாது. பெட்டி தூக்க இரண்டு பேர்தான் இருந்தோம். ஓடினேன்.

அணைக்கவில்லை.

பெட்டிகளை இறக்கி, நிழலில் அடுக்கி, முகம் கழுவிக்கொண்டு திரும்பி வருகையில் மணி பதினொன்றரை. சார்ஜர் விளக்கு எரிந்துகொண்டிருந்தது. பேக் கிட்டத்தட்ட முழுசாக ஏறிவிட்டது. நடுவில் கொதிக்கிற பானைக்கு அடியில் ஒரு மணி நேரம் அடுப்பை மூட்டி விட்டுப் போயிருக்கிறேன். சுவிட்சை அணைத்தேன். பெட்டி மேல் கை வைத்தேன், எடுத்துவிட்டேன். லேசாக ஒரு இனிப்பு வாடை. பழுத்த பழம் மாதிரி. காலையில் பூசைக்கு வைத்த வாழைப்பழமாக இருக்கும் என்று நினைத்தேன். நினைத்தேன் என்பதுகூட சரியில்லை. அப்படி நினைத்துக்கொள்ள விரும்பினேன்.

மேடம் பக்கத்து அறையில்தான் இருந்தார். பத்து அடி. போய்ச் சொல்லியிருந்தால் "எழுதிட்டீங்களா?" என்று கேட்டிருப்பார், அவ்வளவுதான். பேக்கை ஒதுக்கிப் பிரித்திருப்போம். ஆனால் திங்கட்கிழமை வண்டியில் மாட்ட நாள் குறித்திருந்தது. அத்தனை பேர் உழைத்துக் கட்டிய பேக், என் ராகு காலத்தால் கெட்டது என்று ஆகிவிடும். செல்வராசு ஆயுசுக்கும் சொல்லிச் சொல்லிச் சிரிப்பார். நான் போகவில்லை.

பதினொன்று ஐம்பத்தைந்துக்கு சார்ஜரை மறுபடி மாட்டி வைத்தேன். ஏற ஒன்றுமில்லாத பேக்குக்குப் பக்கத்தில் ஸ்டூல் போட்டு, ஒரு மணி பத்து வரை உட்கார்ந்தேன். நோட்டில் தொடங்கிய நேரம் 11.55 என்று எழுதினேன். சூடு எழுத வேண்டுமே. பதின்மூன்றாம் பேக்கின் பக்கத்தைத் திருப்பி, அதில் இருந்ததையே அங்கங்கே ஒரு நம்பர் மாற்றி எழுதினேன். கையெழுத்துப் போட்டேன்.

மறுநாள் மேடம் இரண்டு பக்கத்திலும் இருந்த சூட்டைக் கோடாக வரைந்து பார்த்தார். அவருக்கு சந்தோசம் தாங்கவில்லை. "பாத்தீங்களாண்ணே, பதிமூணும் பதினாலும் ஒரே கோட்டுல போவுது. இத்தன நாளா இதுக்குத்தான் காத்திருந்தேன்." நான் ஆமாங்க மேடம் என்றேன்.

திங்கட்கிழமை பதினாலாம் பேக்கை வண்டியில் மாட்டினோம். செவ்வாய் நன்றாக ஓடியது. புதன்கிழமை பிற்பகல், அரியலூரில் மாட்டுத்தீவன மூட்டை ஏற்றிக்கொண்டு செல்வராசு திருமானூர் போனார். ஊருக்குக் கொஞ்சம் முன்னால் சீட்டுக்கு அடியில் புஸ் என்று சத்தம். புகை. வண்டியை ஓரம் கட்டியிருக்கிறார். இறங்கி ஓடியிருந்தால் ஒன்றும் ஆகியிருக்காது. ஆனால் ஏதாவது ஒன்று என்றால் முதலில் சீட்டுக்கு அடியில் இருக்கிற சிவப்புக் கைப்பிடியை இழுத்து பேட்டரி இணைப்பைத் துண்டிக்க வேண்டும் என்று அவருக்குச் சொல்லிக் கொடுத்தது நான்தான். சொன்னபடி அவர் கையை உள்ளே விட்டார். அந்த நேரம் பார்த்து நெருப்பு அந்த இடைவெளியில் வெளியே அடித்தது.

தஞ்சாவூர் ஆஸ்பத்திரியில் முப்பது நாள் இருந்தார். உயிர் பிழைத்தது பெருமாள் புண்ணியம். வலது கையில் மூன்று விரல் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டது. ஆபரேசன் பண்ணியும் மடங்கவில்லை. வண்டி ஓட்டுகிற வேலை அதோடு போயிற்று.

மேடம் எரிந்த பேக்கைச் சாம்பலோடு எடுத்து வந்து, செல் செல்லாகப் பிரித்து வைத்துப் பார்த்தார். பத்துப் பதினைந்து நாள் அதே வேலை. ஒரு நாள் என்னைக் கூப்பிட்டார். முன்னால் நோட்டு திறந்திருந்தது.

"அண்ணே, ஒண்ணே ஒண்ணு. பதினாலு முழு ரெஸ்ட் எடுத்துச்சுதானே?"

"எடுத்துச்சுங்க மேடம்."

"நீங்க சொன்னா சரிதான்."

பேனாவை அவர் கீழே வைக்கவில்லை. அதை நான் இப்போதும் நினைப்பேன். சுமாராக என்று சொன்னால் பேனாவைக் கீழே வைக்கிறவர், பொய்க்கு வைக்கவில்லை. என்னை அவ்வளவு நம்பினார்.

முறைப்படி ரெஸ்ட் கொடுத்தும் தீப்பிடித்தது, ஆகவே வடிவமைப்பில் குறை, பொறுப்பு தன்னுடையது என்று அறிக்கை எழுதிக் கொடுத்துவிட்டு அவர் வேலையை விட்டார். சொந்தமாகப் பேட்டரி செய்வதைக் கம்பெனி நிறுத்தியது. வெளியிலிருந்து வாங்கி மாட்டிக் கொடுக்க ஆரம்பித்தார்கள். நான் அதைப் பழுது பார்க்கிறவனாக அங்கேயே இருந்தேன். மேடம் போகிற அன்றைக்கு, சூடு பார்க்கிற தன் மீட்டரை என் கையில் கொடுத்தார். "நீங்க வச்சுக்குங்கண்ணே. ஒழுங்கா எழுதறவர் நீங்கதான்." அந்த மீட்டர் என் வீட்டு பீரோவில் இருக்கிறது. இன்றுவரை ஒரு தடவைகூட ஆன் செய்யவில்லை.

என் வீட்டுக்காரி தனத்துக்கு மட்டும் ஒரு வருசம் கழித்துச் சொன்னேன். அவள் அழவில்லை, திட்டவில்லை. "ஏங்க, எங்கிட்ட சொல்லி என்னாகப் போவுது?" என்றாள். அதற்கப்புறம் அதைப் பற்றி அவள் பேசவே இல்லை. ஆனால் வெள்ளிக்கிழமை நான் பூசையில் அதிக நேரம் நின்றால், அடுப்படியில் பாத்திரத்தை நங்கென்று வைப்பாள்.

போன புரட்டாசி சனிக்கிழமை பெருமாள் கோயிலுக்குப் போயிருந்தேன். வரிசையில் எனக்கு மூன்று பேருக்கு முன்னால் செல்வராசு நின்றார். என்னை அவர் பார்க்கவில்லை. பட்டர் தீர்த்தம் கொடுத்துக்கொண்டு வந்தார். செல்வராசு இடது கையை நீட்டினார். வலது கை துண்டுக்குள் இருந்தது.

"சாமி தீர்த்தம்யா. சோத்துக் கைய நீட்டு" என்றார் பட்டர். புதியவர், அவருக்குத் தெரியாது.

செல்வராசு துண்டுக்குள்ளிருந்து வலது கையை எடுத்து நீட்டினார். பட்டர் ஊற்றிவிட்டார். அந்தக் கை குழியவில்லை. தீர்த்தம் விரலுக்கு மேலே ஓடி, கல்லில் சிந்தியது. செல்வராசு ஈரக் கையைத் தலையில் தடவிக்கொண்டு நகர்ந்தார். பட்டர் உத்தரணிக் கரண்டியைப் பிடித்தபடி அப்படியே நின்றார்.

நான் வரிசையை விட்டு வெளியே வந்துவிட்டேன். அன்றைக்கு எனக்குத் தீர்த்தம் இல்லை. அதை வாங்குகிற கை என்னிடம் இருக்கிறதா என்று எனக்குத் தெரியவில்லை.

அதற்குப் பிறகும் நாலு மாசம் வாய் திறக்கவில்லை. பிரபு அந்த நோட்டைப் பற்றிச் சொன்ன பிறகுதான், இன்னொருத்தன் இதை நம்பி இன்னொரு பேட்டரி மேல் உட்காரப் போகிறான் என்பது உறைத்தது. ஒரு நாளைக்கு நோட்டைக் கொடு தம்பி என்று வாங்கிப் பையில் போட்டுக்கொண்டு, உடையார்பாளையத்துக்கு பஸ் ஏறினேன்.

மேடம் இப்போது பாலிடெக்னிக்கில் பாடம் நடத்துகிறார். தலை பாதி நரைத்துவிட்டது. "வாங்கண்ணே, வாங்க" என்று வாசலுக்கே வந்தார். அக்கா நல்லாருக்காங்களா என்று தனத்தை விசாரித்தார். காபி கொண்டு வந்து வைத்தார். நான் காபியைத் தொடாமல், நின்றபடியே சொல்லி முடித்தேன்.

அவர் காபியை ஓரமாக நகர்த்தினார். அப்புறம் எழுந்துபோய் ஒரு பேப்பரும் பேனாவும் எடுத்து வந்தார். கேள்வி கேட்டார்.

"எத்தன மணிக்கு ஆன்?"

"பத்து இருவதுங்க."

"எத்தன மணிக்குப் பாத்தீங்க?"

"பதினொன்றரை."

"சுமாரா பதினொன்றரையா?"

"லாரி போன உடனே கடியாரம் பாத்தேன். பதினொண்ணு முப்பத்திரெண்டு."

"பேக்க ஆத்தற ஃபேன் ஓடுச்சா?"

"இல்லீங்க. சார்ஜ் போடறப்பதான் போடுவேன். அன்னிக்குப் போடல."

"வாடை?"

"பழ வாடைங்க. இனிப்பா."

செல் கசிந்தால் வருகிற வாடை அது. மேடம் கண்ணை மூடித் திறந்தார். எழுதினார். கூட்டிக் கழித்து ஏதோ பார்த்தார். "இதனாலதான் எரிஞ்சுதுன்னு சத்தியம் பண்ண முடியாது. ஆனா இத வச்சுப் பாத்தா என் கணக்கு சரியா நிக்குது. அஞ்சு வருசமா இந்தக் கணக்கு எங்க தப்புன்னு தேடிட்டிருக்கேன். பசங்களுக்குப் பாடம் நடத்தறப்பகூட, உனக்கே தெரியாது, நீ எதுக்கு சொல்லித் தரேன்னு உள்ளுக்குள்ள ஒண்ணு கேட்டுக்கிட்டே இருக்கும்."

மன்னிச்சிடுங்க மேடம் என்று நான் சொன்னேனா, சொல்ல நினைத்தேனா, ஞாபகமில்லை. அவர் நோட்டை என் பக்கம் தள்ளினார். பேனாவை மேலே வைத்தார்.

"திருத்துங்க. எப்படின்னு தெரியும்ல?"

11.55 மேல் ஒரே கோடு போட்டேன். அடியில் இருப்பது படிக்கிற மாதிரி. பக்கத்தில் 10.20 என்று எழுதினேன். நான் இட்டுக்கட்டிய சூட்டுக் கணக்கு ஆறு வரி. ஒவ்வொன்றுக்கும் ஒரு கோடு. பக்கத்தில் எழுத ஒன்றுமில்லை, அதனால் 'அளக்கவில்லை' என்று எழுதினேன். ஆறு தடவை எழுதினேன். கையெழுத்துப் போட்டேன்.

"செல்வராசுகிட்ட சொல்லிட்டீங்களா?"

"இல்லீங்க."

"எங்கிட்ட சொன்னது பத்தாது. போய்ச் சொல்லுங்க."

வாசல் வரை வரவில்லை. அன்றைக்கு நான் உள்ளே வந்தபோது அண்ணே என்றவர், சொல்லி முடித்த பிறகு ஒரு தடவைகூட அப்படிக் கூப்பிடவில்லை. பஸ்ஸில் பாதி தூரம் வந்த பிறகுதான் அது எனக்கு உறைத்தது.

பூலாம்பாடிக்கு மறுநாள் போனேன். செல்வராசு வீட்டில் இருந்தார். மளிகைக் கடை ஒன்றில் கல்லாவுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து சரக்குச் சீட்டு பார்க்கிறாராம், அன்றைக்கு லீவு. "அடடே, பஞ்சாங்கம் அண்ணே! நல்ல நேரம் பாத்துதான் வந்தீங்களா?" என்றார். சம்சாரம் டீ கொடுத்துவிட்டு உள்ளே போனது. அவர் இடது கையால் டம்ளரைப் பிடித்துக் குடித்தார். நான் சொன்னேன். ஒன்றையும் விடவில்லை. அவர் கேலிக்குப் பயந்து மறைத்ததையும் சொன்னேன்.

அவர் டம்ளரைக் கீழே வைத்தார். பிறகு அவர் பேசியதை அப்படியே எழுதுகிறேன்.

"அன்னிக்கு ரெண்டு மூட்டை கூடுதலா ஏத்தினேன்ணே. தெரிஞ்ச ஆளு கெஞ்சினான்னு. மேடம் சொன்ன எடைக்கு மேல. அதனாலதான் எரிஞ்சுதுன்னு நெனச்சிட்டிருந்தேன். மேடம் வேலய விட்டுப் போனப்பகூட, நம்மளாலதான் அந்தம்மா போவுதுன்னு... இவகிட்டகூட சொல்லலண்ணே. இந்த அஞ்சு வருசமும்."

 ஒரே ஒரு பக்கம் நான் மாற்றி எழுதியதால், மேடம் தன் படிப்பைச் சந்தேகப்பட்டார், இவர் இரண்டு மூட்டையைச் சுமந்துகொண்டிருந்தார். இறக்கி வைக்க ஒரு வார்த்தை போதும். அது என் வாய்க்குள்ளேயே கிடந்திருக்கிறது.

"எத்தன மணிக்குப் போட்டீங்க சுவிட்ச?" என்று கேட்டார்.

"பத்து இருவது."

மடங்காத கையைப் பார்த்தபடி சொன்னார்: "நல்ல நேரந்தான்."

சிரிக்கவில்லை. நான் எழுந்ததும் போயிட்டு வாங்க என்றார். அப்புறம், "போங்க" என்றார்.

இளையவர்களே, பிரபு, உங்களுக்குத்தான் இது. இப்போது மீட்டரே எல்லாவற்றையும் கம்ப்யூட்டரில் எழுதிக்கொள்கிறது, யாரும் பொய் எழுத முடியாது என்கிறீர்கள். நல்லது. ஆனாலும் மீட்டர் பார்க்காத ஒரு மணி நேரம் எல்லா வேலையிலும் இருக்கும். நான் இன்னும் ராகு காலம் பார்க்கிறேன். சாகும்வரை பார்ப்பேன். பெருமாள் மேல் எனக்கு ஒரு குறையும் இல்லை. அவர் என்னிடம் நேரம் கேட்கவில்லை. உண்மையைக் கேட்டிருப்பார். நான்தான் நேரத்தைக் கொடுத்து ஏமாற்றப் பார்த்தேன்.

இதைப் படித்தவர்கள் அடுத்தவருக்கு அனுப்ப நினைத்தால் அனுப்புங்கள். இப்படியே அனுப்புங்கள். சாமி கும்பிடுகிறவர்கள் ராகு காலம் வருகிற இடத்தை எடுத்துவிடாதீர்கள். சாமி கும்பிடாதவர்கள் அதை மட்டும் வெட்டி எடுத்துச் சிரிப்புக்கு அனுப்பாதீர்கள். என்னைத் தெரிந்தவர்கள், பாவம் வயசான மனுசன் என்று என் பெயரை எடுத்துவிட்டு எழுதாதீர்கள். எழுத்துப் பிழை இருந்தால் அதுவும் இருக்கட்டும். மாற்றித்தான் ஆக வேண்டும் என்றால், மேடம் சொல்லிக் கொடுத்தபடி ஒரே கோடு போட்டு, அடியில் நான் எழுதியது தெரிகிற மாதிரி மாற்றுங்கள்.

பதினாலாம் நம்பர் பேக். சார்ஜ் தொடங்கிய நேரம் 11.55 என்று எழுதியது தப்பு. 10.20.

மு. கலியபெருமாள்